‘செய்யலாம்’ என்றொரு சட்டச்சொல்: பிரித்தானிய உள்ளாட்சியில் காலி வீட்டு அலுவலரின் வரலாறு

‘செய்யலாம்’ என்பது இசைவு. ‘செய்ய வேண்டும்’ என்பது கடப்பாடு. இலக்கண வகுப்பில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு துணைவினை மட்டுமே. ஆனால் ஓர் அரசு அலுவலகத்தில் அந்தத் தொலைவு ஒரு நாற்காலியாகவும், ஒரு சம்பளமாகவும், அந்த நாற்காலியில் அமரும் ஒரு மனிதராகவும் உருவெடுக்கிறது. சட்டம் ‘வேண்டும்’ என்று கூறும் பணிக்கு ஆள் இருப்பார். ‘லாம்’ என்று கூறும் பணிக்கு நிதி இருக்கும் ஆண்டில் ஆள் இருப்பார். நிதி குறையும் ஆண்டில் அவரே முதலில் விலக்கப்படுவார். இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களில் ‘எம்ப்டி ஹோம்ஸ் ஆஃபீசர்’ எனப்படும் காலி வீட்டு அலுவலர் பதவியின் வரலாறு இவ்வுண்மைக்குத் தெளிவான சான்று.

முரண் எண்களிலேயே தெரிகிறது. 2024 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இங்கிலாந்தில் ஆறு மாதங்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 2,65,000. அதே ஆண்டின் நடுப்பகுதியில் உள்ளாட்சி மன்றங்கள் ஏற்பாடு செய்த தற்காலிகத் தங்குமிடங்களில் வாழ்ந்த குடும்பங்கள் 1,20,000க்கும் மேல். இந்த இரு எண்களையும் ஒன்றோடொன்று கழித்துவிட முடியாது. காலி வீடு இருக்கும் ஊரும் வீடற்றோர் இருக்கும் ஊரும் எப்போதும் ஒன்றல்ல. இருப்பினும் இரண்டும் ஒரே மன்றத்தின் இரு மேசைகளில் பதிவாகும் எண்கள். முதல் மேசையில் ஆள் இருப்பது சட்டக் கட்டாயம் அன்று. இரண்டாம் மேசையில் அது கட்டாயம்.

எழுத்தரின் கையில் சாவி

காலி வீட்டுக்கு உள்ளாட்சி பொறுப்பேற்பது பிரித்தானியாவுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 இல் பிறப்பிக்கப்பட்ட பாதுகாப்பு விதிமுறைகளுள் 51 ஆம் விதி, நிலத்தையும் கட்டடத்தையும் உடைமையேற்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. வீடுகளைப் பொறுத்தவரை அவ்வதிகாரம் சுகாதார அமைச்சரிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களின் எழுத்தர்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பத்துக்காக, ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் வீட்டை எடுத்துக்கொள்ள ஓர் அறிவிப்பே போதுமானதாயிற்று. உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. மறுப்புரிமை பெரும்பாலும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது அதிகாரத்தின் கடுமை மட்டுமன்று, அது வைக்கப்பட்ட இடமும்தான். ஊரை அறிந்த, தெருவை அறிந்த ஓர் அலுவலரின் மேசையிலேயே முடிவு இருந்தது. எந்த வீடு காலி, யாருக்கு வீடு தேவை என்னும் இரு தகவல்களும் ஒரே கையில் வந்து சேர்ந்தன. பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் பிரிந்தே கிடந்த தகவல்கள் இவை.

போர் முடிந்ததும் பொறுமை தீர்ந்தது. 1945 கோடையில் பிரைட்டன் நகரில் முன்னாள் படைவீரர்கள் சிலர் ‘விஜிலான்ட்ஸ்’ என்ற பெயரில் காலி வீடுகளைத் திறந்து வீடற்ற குடும்பங்களைக் குடியேற்றினர். 1946 இல் இது நாடளாவிய இயக்கமாயிற்று. கைவிடப்பட்ட படைமுகாம்களுக்குள் குடும்பங்கள் தாமே சென்று தங்கின. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகாம்களில் 40,000 பேரளவில் குடிபுகுந்திருந்ததாக அரசுக் கணக்கு கூறியது. செப்டம்பரில் இலண்டன் கென்சிங்டனின் ‘டச்சஸ் ஆஃப் பெட்ஃபோர்ட் ஹவுஸ்’ என்னும் ஆடம்பரக் குடியிருப்பிலும் குடும்பங்கள் நுழைந்தன. அன்றைய சுகாதார அமைச்சர் அனைரின் பெவன், வீட்டுவசதிக்கும் அவரே பொறுப்பாளர், இலண்டன் குடியேற்றங்களை ஏற்கவில்லை. ஆனால் முகாம்களில் குடிபுகுந்தோரை அகற்ற முடியவில்லை. அவற்றுள் பலவற்றை நடத்தும் பொறுப்பு இறுதியில் உள்ளாட்சி மன்றங்களிடமே வந்தது.

1955 ஆம் ஆண்டுச் சட்டமொன்று போர்க்கால உடைமையேற்பை 1960 மார்ச்சுக்குள் முடித்துவைக்க ஆணையிட்டது. வீடுகள் உரிமையாளரிடம் திரும்பின. எழுத்தரின் மேசையிலிருந்து சாவி போனது. அதோடு அந்த வேலையும் போனது.

மன்றமே பூட்டிய வீடுகள்

அடுத்த காலகட்டத்தில் காலி வீடு என்றால் பெரும்பாலும் மன்றம் தானே பூட்டிவைத்த வீடு. 1960களின் மறுசீரமைப்புத் திட்டங்களுக்காக மன்றங்கள் தெருத் தெருவாக வீடுகளை வாங்கி, இடிக்கும் நாள் வரை ஆண்டுக் கணக்கில் பூட்டி வைத்தன. 1968 இன் இறுதியில் தோன்றிய இலண்டன் குடிபுகுவோர் இயக்கம் 1969 இல் ரெட்பிரிட்ஜ் பகுதியில் மன்றத்துக்குச் சொந்தமான அத்தகைய வீடுகளில் குடும்பங்களைக் குடியேற்றியது. மன்றம் ஏவிய ஆள்கள் குடும்பங்களை வன்முறையால் வெளியேற்ற முயன்ற காட்சி நாட்டின் மனச்சாட்சியை உறுத்தியது. அவ்வாண்டிலேயே லூயிஷம் மன்றம் வேறு வழியைத் தேர்ந்தது. இடிப்பு வரை காலியாக இருக்கும் வீடுகளில் குடும்பங்கள் உரிமத்துடன் தங்க, குடிபுகுவோர் சங்கத்துடனேயே உடன்பாடு செய்துகொண்டது. ‘குறுவாழ்வு வீடு’ என்னும் கருத்தாக்கம் வேரூன்றியது அவ்வாறுதான்.

இக்காலத்தின் சொற்களும் நோக்கத்தக்கவை. மன்றம் தன் சொந்தக் காலி வீட்டை ‘வாய்ட்’ என்றது. அது மேலாண்மைச் சொல். ஒரு குடியிருப்பாளர் வெளியேறி அடுத்தவர் வருவதற்கிடையே உள்ள வாடகை இழப்பைக் குறிப்பது. வரித்துறை ‘அனாக்குபைடு’ என்றது. போராட்டக்காரர்கள் ‘எம்ப்டி’ என்றனர். ஒரே கதவுக்கு மூன்று பெயர்கள். மூன்றும் மூன்று கணக்கேடுகளில் இருந்ததால், அவற்றை ஒருங்கே நோக்கும் அலுவலர் ஒருவர் எந்தத் துறையிலும் இல்லை.

1977: ஒருபக்கக் கடப்பாடு

லிபரல் கட்சி உறுப்பினர் ஸ்டீபன் ராஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1977 இல் வீடற்றோர் சட்டமாயிற்று. குழந்தைகளுள்ள குடும்பங்கள், கருவுற்ற பெண்கள், முதியோர் போன்ற முன்னுரிமைப் பிரிவினருக்கு உறைவிடம் கிடைக்கச் செய்வது உள்ளாட்சி மன்றத்தின் கடப்பாடு என்று அது விதித்தது. பிரித்தானிய சமூகச் சட்ட வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. கடப்பாடு வந்ததும் அதற்கான அலுவலர் வந்தார், நேர்காணல் அறை வந்தது.

ஆனால் அந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற வீடு எங்கிருந்து வரும் என்பதற்கு இணையான கடப்பாடு ஒன்றும் வரவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1980 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் மன்ற வீடுகளைக் குடியிருப்போர் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைத் தந்தது. மன்றத்தின் கையிலிருந்த வீடுகள் சுருங்கின. வீடு தரும் கடமையோ அப்படியே நின்றது. இந்த இடைவெளியில்தான் மன்றங்களின் பார்வை தனியார் காலி வீடுகளின் மீது திரும்பியது.

பதவியின் பிறப்பு

1992 இல் ‘எம்ப்டி ஹோம்ஸ் ஏஜென்சி’ என்னும் தன்னார்வ அமைப்பு தொடங்கப்பட்டது. காலி வீடுகளுக்கென ஒவ்வொரு மன்றத்திலும் ஒரு திட்டமும் ஓர் அலுவலரும் வேண்டும் என்று அது தொடர்ந்து வலியுறுத்தியது. சில மன்றங்கள் முன்வந்தன. அந்த அலுவலர் சில இடங்களில் வீட்டுவசதித் துறையில் அமர்ந்தார். சில இடங்களில் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில். சில இடங்களில் திட்டமிடல் துறையில். எங்கு அமர்ந்தாலும் பெரும்பாலும் ஒருவரே. இந்தத் தனிமைக்கு மாற்றாகப் பணியாளர்கள் தங்களுக்குள் ஒரு வலையமைப்பை உருவாக்கிக்கொண்டனர். ஒருவர் கற்றது மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகவே.

அவர் முதலில் சந்தித்த தடை தன் அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கவுன்சில் வரியின் பதிவேட்டில் எந்த வீடு காலி என்னும் தகவல் இருந்தது. ஆனால் வரிக்காகப் பெற்ற தகவலை வேறு பணிக்குப் பயன்படுத்தலாகாது என்று பல மன்றங்களின் வரித்துறைகள் மறுத்தன. ஒரு மாடியில் பட்டியல் இருக்க, அடுத்த மாடியில் இருந்த அலுவலர் தெருவில் இறங்கி, திரைச்சீலையற்ற சன்னல்களையும் வாசலில் குவிந்த கடிதங்களையும் பார்த்துக் கணக்கெடுத்தார். 2003 ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 85 ஆம் பிரிவு வந்த பின்னரே அப்பட்டியலைக் காலி வீட்டுப் பணிக்குப் பயன்படுத்துவதற்குத் தெளிவான இசைவு கிடைத்தது. போர்க்கால எழுத்தரிடம் இயல்பாகவே இருந்த தகவல் இணைப்பு சட்டத்தின் துணையால் திரும்பி வர நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆயின.

அதே காலத்தில் அளவீடும் வந்தது. மன்றங்களின் செயல்திறனை ஒப்பிட நடுவண் அரசு வகுத்த குறியீடுகளுள் 64 ஆம் எண், மன்றத்தின் முயற்சியால் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்த அல்லது இடிக்கப்பட்ட தனியார் காலி வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்டது. கேள்வி ஆண்டுதோறும் கேட்கப்பட்டதால் விடை கூற ஓர் ஆள் தேவைப்பட்டார். 2008 இல் அக்குறியீட்டுத் தொகுதி நீக்கப்பட்டு 198 தேசியக் குறியீடுகள் வந்தன. அவற்றுள் காலி வீட்டுக்கெனத் தனிக்குறியீடு இல்லை. பதவியைக் காத்த வேலிகளுள் ஒன்று அன்று சரிந்தது.

இன்னொரு முரணும் உண்டு. 2002 முதல் 2011 வரை இங்கிலாந்தின் வடக்கிலும் நடுநாட்டிலும் ஒன்பது பகுதிகளில் ‘பாத்ஃபைண்டர்’ என்னும் வீட்டுச்சந்தைப் புதுப்பிப்புத் திட்டம் நடந்தது. வீட்டுவிலை சரிந்த தெருக்களை இடித்துப் புதிதாகக் கட்டுவது அதன் முக்கியமான ஒரு கூறு. ஓர் அலுவலர் தனித்தனிக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே லிவர்பூலின் கிரான்பி, வெல்ஷ் தெருக்கள் முழுமுழுத் தெருக்களாகக் காலியாக்கப்பட்டுத் தகடு அடிக்கப்பட்டன. பின்னர் கிரான்பியின் எஞ்சிய குடியிருப்பாளர்கள் சமூக நில அறக்கட்டளை அமைத்து வீடுகளை மீட்டனர். அப்பணியில் இணைந்த ‘அசெம்பிள்’ குழு 2015 இல் டர்னர் பரிசு பெற்றது. வெறுமையைப் பெருமளவில் உருவாக்க நிதி இருந்தது. அதை வீடு வீடாகக் குறைக்கத்தான் ஆளில்லை.

கதவுக்குப் பின்னால் இருப்பவை

இந்த அலுவலரின் வேலை என்ன? வீட்டைக் கண்டுபிடிப்பது எளிய பகுதி. உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே கடினம். நிலப் பதிவகத்தில் வீடு பதிவாகியிருந்தால் பெயர் கிடைக்கும். ஆனால் விற்பனையின்போது பதிவு செய்வது இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் கட்டாயமானது 1990 டிசம்பரில்தான். தலைமுறைகளாகக் கைமாறாத வீடு ஏட்டிலேயே இல்லாமல் இருக்கலாம். நீண்ட காலம் காலியாகக் கிடப்பது பெரும்பாலும் அத்தகைய வீடே.

காரணங்கள் பெரும்பாலும் பேராசை அல்ல. தாய் இறந்துவிட்டார், புரோபேட் முடியவில்லை. உடன்பிறந்தோரிடையே விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பிணக்கு. முதியவர் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்றார், திரும்புவார் என்ற நம்பிக்கையில் வீடு அப்படியே. பழுதுபார்க்கத் தொடங்கினார், பணம் தீர்ந்தது. அலுவலர் எழுதும் முதல் கடிதத்துக்குப் பெரும்பாலும் மறுமொழி வராது. இரண்டாவதற்கும் வராது. என்றோ ஒரு நாள் தொலைபேசி ஒலிக்கும். ஒப்பந்ததாரர் பெயர், ஏலக்காரர் பெயர், கடன் வாய்ப்பு, சில வேளைகளில் வெறும் செவிசாய்ப்பு ஆகியவை தேவைப்படும். மறுமொழி வரும் நாளில் கடிதம் எழுதிய அலுவலர் இன்னும் அந்த மேசையில் இருந்தாக வேண்டும். அவர் போய்விட்டால் கோப்பு இருக்கும், உறவு இருக்காது. அடுத்தவர் முதல் கடிதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கனிவு பயனளிக்காத இடத்தில் அவரிடம் உள்ள சட்டக்கருவிகள் ஒரு நூற்றாண்டின் அடுக்குகள். 1925 ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் வழியே, மன்றம் செய்த செலவுக்காக வீட்டை விற்கவைக்கலாம். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எலித்தொல்லையை ஒழிக்க ஆணையிடலாம். 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தால் திறந்து கிடக்கும் வீட்டை அடைக்கலாம். 1985 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படிக் கட்டாயக் கொள்முதல் செய்யலாம். 1990 ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 215 ஆம் பிரிவின்படி அலங்கோலமான தோற்றத்தைச் சீர்செய்யப் பணிக்கலாம். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘லாம்’.

2004 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இவ்வரிசையில் காலி வீட்டுக்கென்றே ஒரு கருவியைச் சேர்த்தது: காலி வீட்டு மேலாண்மை ஆணை. தீர்ப்பாயத்தின் ஒப்புதலுடன் மன்றம் வீட்டைத் தன் மேலாண்மையில் எடுத்து, இறுதி ஆணையின்படி ஏழாண்டுகள் வரை வாடகைக்கு விட்டு, பழுதுச் செலவை வாடகையிலிருந்து ஈடுசெய்யலாம். சொத்துரிமை பறிபோகிறது என்ற கூக்குரல் எழுந்தது. நடைமுறைக்கு வந்த 2006 முதல் அதைப் பயன்படுத்திய நிகழ்வுகளோ நாடு முழுவதற்கும் மிகச் சில. சான்றுகளைத் திரட்டி, தீர்ப்பாயத்தில் வாதிட்டு, பழுதுபார்த்து, குடியமர்த்தி, ஏழாண்டுகள் கணக்கு வைக்க ஒற்றை அலுவலரால் இயலாது. 2012 இல் அரசு வரம்பை இன்னும் உயர்த்தியது. குறைந்தது இரண்டாண்டுகள் காலியாக இருப்பதோடு, வீடு அழிவுச்செயலுக்கு உள்ளாகியோ அண்டையாருக்குத் தொல்லையாகவோ இருந்தாக வேண்டும். அஞ்சப்பட்ட அதிகாரம் பெரும்பாலும் உறையிலேயே இருந்தது.

மாறாக, ஆரவாரமின்றி வேலை செய்தது கென்ட் மாவட்டத்தின் ‘நோ யூஸ் எம்ப்டி’ திட்டம். 2005 இல் தானெட், டோவர், ஷெப்வே, ஸ்வேல் ஆகிய நான்கு வட்டாரங்களுடன் தொடங்கி, பின்னர் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. பழுதுபார்க்க வட்டியில்லாக் கடன். வீடு விற்றோ வாடகைக்கு விட்டோ பணம் திரும்பியதும் அதே தொகை அடுத்த வீட்டுக்கு. அதன் வலிமை, மாவட்ட மன்றம் நிதியையும் வட்டார மன்றங்கள் கள அறிவையும் ஒரே திட்டத்தில் சேர்த்ததும், அது ஆண்டு தவறாமல் தொடர்ந்ததுமே.

சிக்கனத்தின் காலம்

2010க்குப் பின் வந்த சிக்கனக் கொள்கை ‘லாம்’ என்ற சொல்லின் மெய்ப்பொருளைக் காட்டியது. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் 2018 அறிக்கைப்படி, 2010–11க்கும் 2017–18க்கும் இடையே உள்ளாட்சிகளுக்கான நடுவண் நிதி உண்மை மதிப்பில் 49.1 விழுக்காடு குறைந்தது. மன்றங்கள் கடப்பாடுள்ள சமூகப் பராமரிப்பைக் காத்தன. விருப்புரிமைப் பணிகளைச் சுருக்கின. காலி வீட்டு அலுவலரின் பதவி பல இடங்களில் பகுதிநேரமாயிற்று, வேறு பதவியோடு இணைந்தது, அல்லது நிரப்பப்படாமலே நின்றது.

விந்தை என்னவெனில் இதே ஆண்டுகளில்தான் காலி வீடு பற்றிய பொதுப்பேச்சு உச்சத்தில் இருந்தது. 2011 இன் இறுதியில் தொலைக்காட்சித் தொடரொன்றில் இதை எழுப்பிய கட்டடக்கலைஞர் ஜார்ஜ் கிளார்க், 2012 இல் அரசின் ஆலோசகரானார். 2012 முதல் 2015 வரை 10 கோடி பவுண்டு நிதித் திட்டமும் நடந்தது. நிதி கட்டடத்துக்கு, கால வரம்போ மூன்றாண்டு. 2015 இல் அது முடிந்தபோது பதவிகளைத் தாங்க ஒன்றும் எஞ்சவில்லை.

2011 இல் வந்த ‘புதுவீட்டு ஊக்கத்தொகை’ மீட்கப்பட்ட காலி வீட்டையும் புதுவீடாகக் கணக்கிட்டது. அதனால் சில மன்றங்களில் அலுவலரின் சம்பளத்துக்கு ஒரு நியாயம் கிடைத்தது. கூடவே ஒரு நுண்ணிய மாற்றமும் நிகழ்ந்தது. கணக்கு அக்டோபரில் எடுக்கப்படுவதால், அதற்கு முன் வரிப்பட்டியலைச் சரிபார்ப்பது வழக்கமாயிற்று. ஏட்டில் காலி என்றிருந்த பல வீடுகளில் உண்மையில் ஆள் இருந்தனர். பதிவு திருத்தப்பட்டது, காலி வீடு ஒன்று ‘குறைந்தது’, எந்தக் குடும்பமும் எங்கும் குடிபுகவில்லை. சொல் மாறினாலே எண் மாறும் என்பதால், இக்காலப் புள்ளிவிவரங்களைப் படிப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மற்றொரு கருவி வரி. 2013 ஏப்ரல் முதல், இரண்டாண்டுகளுக்கு மேல் காலியான வீட்டுக்கு 50 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கலாம் என்றாயிற்று. 2019 இல் அது 100 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு மேல் காலியாயின் 2021 முதல் 300 விழுக்காடு. 2024 ஏப்ரல் முதல் ஓராண்டு காலியாக இருந்தாலே கூடுதல் வரி விதிக்கலாம். வரி விதிக்க ஆள் வேண்டியதில்லை, கணினி போதும். ஆனால் வரி அறிவிப்பு புரோபேட்டை முடிப்பதில்லை, உடன்பிறந்தோரை ஓரறையில் அமர்த்துவதில்லை. இரண்டடுக்கு உள்ளாட்சிப் பகுதிகளில் வரியை வசூலிப்பதும் வீட்டுவசதிக்குப் பொறுப்பேற்பதும் வட்டார மன்றம். வருவாயின் பெரும்பங்கோ மாவட்ட மன்றத்துக்குச் செல்கிறது. அலுவலரை அமர்த்த வேண்டியவருக்கு அதற்கான பணம் முழுமையாக வருவதில்லை.

எண்களும் இதையே நினைவூட்டுகின்றன. 2004 இல் மூன்று இலட்சத்துக்கும் மேலிருந்த நீண்டகாலக் காலி வீடுகள் 2016 இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாகச் சரிந்தன. அதன் பின் ஏற்றமே மேலோங்கியது. சரிவுக்கும் ஏற்றத்துக்கும் வீட்டுச்சந்தை, பதிவுத் திருத்தம், பெருந்தொற்று எனக் காரணங்கள் பல. ஆயினும் கூடுதல் வரி உயர்ந்துகொண்டே சென்ற ஆண்டுகளில் காலி வீடுகளும் பெருகின என்பதை, வரி மட்டும் போதும் என்போர் விளக்க வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்தின் மறுவழி

ஸ்காட்லாந்தில் காலி வீட்டு மேலாண்மை ஆணை இல்லை. கட்டாய விற்பனை ஆணை வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளாக இருந்தும் அது சட்டமாகவில்லை. கருவிகளை நோக்கின் இங்கிலாந்தைவிட ஏழ்மையானது. ஆனால் 2010 இல் ஸ்காட்லாந்து அரசின் நிதியுடன், ஷெல்டர் ஸ்காட்லாந்தின் பொறுப்பில் ‘ஸ்காட்டிஷ் எம்ப்டி ஹோம்ஸ் பார்ட்னர்ஷிப்’ அமைக்கப்பட்டது. அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று, 32 மன்றங்களிலும் காலி வீட்டுக்கென ஓர் அலுவலர் இருக்கச் செய்வது. தனியே ஆள் அமர்த்த இயலாத மன்றங்கள் ஒருவரைப் பகிர்ந்துகொண்டன. தொடக்கச் சம்பளத்தில் ஒரு பகுதிக்கு உதவி கிடைத்தது. பயிற்சியும் ஆலோசனையும் ஓரிடத்திலிருந்து வந்தன. பெரும்பான்மையான மன்றங்களில் படிப்படியாக அலுவலர்கள் அமர்ந்தனர். 2010 முதல் அங்கு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்த வீடுகள் 10,000க்கும் மேல். அதிகாரம் குறைவாக இருந்தும் ஆள் இருந்ததால் வேலை நடந்தது.

வரலாறு இங்கே ஒரு முழுச்சுற்று வருகிறது. 1939 இல் எழுத்தருக்குக் கடுமையான அதிகாரமும் தெளிவான பொறுப்பும் ஒருங்கே இருந்தன. 1960க்குப் பின் இரண்டும் போயின. 1992 முதல் அதிகாரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, பொறுப்பு திரும்பவேயில்லை. இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் இன்று காலி வீட்டைப் பற்றிய பிரிவுகளுக்குக் குறைவில்லை. குறைவது அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட தெருவுக்குப் போகும் மனிதர்.

ஆட்சியியல் ஆய்வுகள் சட்டங்களைப் பட்டியலிடுவதில் தேர்ந்தவை. பதவிகளை எண்ணுவதில் அத்துணை அக்கறை காட்டுவதில்லை. ஒரு கொள்கையின் உண்மையான அளவை அறிய விரும்புவோர் அதன் விதிகளோடு சேர்த்து, அதற்கென அமர்த்தப்பட்ட பணியாளர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆண்டுகள் அதே மேசையில் இருந்தனர் என்பதையும் கேட்க வேண்டும். தற்காலிகத் தங்குமிடத்தின் ஒற்றை அறையில் குழந்தையை வளர்க்கும் ஒரு தாய்க்கும், இரு தெரு தள்ளிப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் இன்னொரு சட்டத்தின் இன்மை அன்று. மறுமொழி வராத முதல் கடிதத்துக்குப் பின் இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுத ஓர் ஆள் இல்லாமையே.